எனக்கு முன்னால் புறப்பட்ட பை

1

போன சனிக்கிழமை லண்டன் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். ஊரிலிருந்து புதிதாக வரும் பெண்களை எதிர்கொண்டு அழைத்து வருவது இங்குள்ள நம்மவர்களுக்குள் எனக்கென்று எழுதி வைத்த வேலை. கட்டிய புருஷனுக்கு அன்றைக்கென்று ஷிஃப்ட் இருக்கும், இல்லாவிட்டால் ஜுரம் வரும். "வேதா மாமி, நீங்க ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன்" என்று போனில் கெஞ்சுவார்கள். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை, அதற்குள் மாமி! இருக்கட்டும்.

நெடுந்தூரம் பறக்கும் ஜெட் விமானங்களுக்கென்று இப்போது தனிக் கட்டடத்தில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இறங்கியவர்கள் போக ஒரு வழி, வேறு விமானம் மாறுகிறவர்கள் போக ஒரு வழி, எங்கே பார்த்தாலும் அம்புக்குறி. இரண்டு அம்புக்கும் நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு கூட்டம் நின்றால், அது அநேகமாக நம் ஊர்க்காரர்களாகத்தான் இருக்கும். புது ஏற்பாட்டில் இன்னொரு சௌகரியம், திருச்சியில் பெட்டியைக் கொடுத்துச் சீட்டுக் கட்டிவிட்டால் நேரே லண்டனில் வந்து வாங்கிக்கொள்ளலாமாம். நடுவில் மெட்ராஸ், பம்பாய் எதிலும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

வந்தவள் உறையூர்ப் பெண், சுகந்தி. தலையில் வாடிப்போன மல்லிகை, மேலே புருஷன் அனுப்பிய கோட்டு. அவளுடைய இரண்டு பெட்டிகளில் ஒன்று வந்துவிட்டது, இன்னொன்று வரவில்லை. எல்லோரும் தத்தம் சாமான்களை எடுத்துக்கொண்டு போன பிறகும் அவள் அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றாள். திருச்சியில் சீட்டுக் கட்டும்போது தான் கண்ணால் பார்த்ததாகவும், அதில் லண்டன் என்றுதான் போட்டிருந்தது என்றும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

கவலைப்படாதே, பின்னால் வரும் என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அவள் பெட்டி பின்னால் வருகிறது. என் பை எனக்கு முன்னால் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் முதலில் சிரிப்பும் பிறகு வேறென்னவோவும் வருகிறது. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இனி இந்தப் புது விமானங்களில் பெண்ணையோ பிள்ளையையோ ஏற்றி அனுப்பும் நாள் வரும். அதனால் எழுதி வைக்கிறேன்.

2

நான் புறப்பட்டது எட்டு வருஷத்துக்கு முன்னால். பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஜெட் விட ஆரம்பித்த புதிது. திருச்சியிலிருந்து மெட்ராஸுக்கு ஒரு சின்ன விமானம், அங்கே மாறி பம்பாய், அங்கே மாறி ஜெட் என்று பயணம். கல்யாணமான ஒரு மாதத்துக்குள் என் வீட்டுக்காரர் மின்சார மோட்டார் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்காக லண்டன் போய்விட்டார். நான் ஸ்ரீரங்கத்தில், ஒரே வீதியில் பிறந்தகமும் புக்ககமுமாக, இரண்டு வீட்டுக்கும் விருந்தாளியாக இருந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு தடவை புறப்பட்டேன். கொட்டுகிற மழையில் விமானம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பம்பாயில் பிடிக்க வேண்டிய ஜெட் போய்விட்டது. பெட்டியோடு நான் வீடு திரும்பியபோது வீதியே வாசலுக்கு வந்து பார்த்தது. புறப்பட்டவள் திரும்பி வருவது நல்லதில்லை என்று ஆரம்பித்தார்கள். என் மாமியார் ஒரு படி மேலே போய், அவளுக்குச் சீமைக்குப் போகிற யோகம் இல்லை, பிள்ளையைத் திரும்பி வரச்சொல்லி எழுதிவிடலாம் என்றார். எழுதியும் விட்டார்.

என் வீட்டுக்காரரிடமிருந்து எனக்குப் பதில் வந்தது. இந்த முறையும் நடக்கவில்லையென்றால் பயிற்சியை விட்டுவிட்டுத் தானே வந்துவிடுவதாகச் சொன்னார். முழுசாக முடித்தால்தான் அந்தப் படிப்புக்கு மதிப்பு. பாதியில் விட்டால் ஒன்றுக்கும் உதவாது. அவர் எவ்வளவு ஆசைப்பட்டுப் போனவர் என்பது கூட வாழ்ந்த அந்தக் கொஞ்ச நாளிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. என்னால் அது கெடக்கூடாது என்று ராத்திரியெல்லாம் ரங்கநாதரை நச்சரித்தேன்.

மறுபடி டிக்கெட் கிடைத்தது, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். லண்டன் மேற்கே இருக்கிறது. வியாழக்கிழமை போகலாமா என்றால் அன்றைக்குத் தெற்கே சூலம். விமான நிலையம் ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே இருக்கிறது. எல்லாத் திசைக்கும் ஒத்து வருகிற நாளில் விமானம் விட ஏர்லைன்ஸ்காரனுக்கு என்ன தலையெழுத்தா?

கடைசியில் அப்பா பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். நல்ல நேரம் ஒரு நாளும் பயணம் வேறு நாளுமாக அமைந்துவிட்டால், போகிறவரின் சாமான் ஒன்றை அந்த நல்ல நேரத்தில் கொண்டுபோய், போகும் வழியில் இருக்கும் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. பயணத்தன்று போகிற போக்கில் எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், வைத்த சாமான் திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது.

புதன்கிழமை காலை நல்ல நேரம். யார் வீட்டில் வைப்பது என்று யோசித்து, அப்பா காசிம் ராவுத்தரைச் சொன்னார். திருச்சி ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர், அப்பாவோடு இருபது வருஷப் பழக்கம். விமான நிலையம் போகும் ரோட்டிலேயே, சுப்பிரமணியபுரத்தில் வீடு. அம்மா, "பெருமாளுக்கு எல்லார் அகமும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் குங்குமம் எடுக்க உள்ளே போனாள். அம்மா அப்படிச் சொல்வாள் என்று நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை.

சாதாரணமாகப் பரஸ்தானத்துக்கு ஒரு துணியில் கொஞ்சம் அரிசியும் மஞ்சளும் முடிந்து வைத்தால் போதும். அப்பாவுக்கு அது போதவில்லை. ஒரு தடவை பட்ட சூடு. போகிறவளின் பயணம் எதில் இருக்கிறதோ அதையே வைக்க வேண்டும் என்று, பச்சைக் கான்வாஸ் பையில் என் பாஸ்போர்ட், அம்மை குத்தியதற்கான மஞ்சள் புத்தகம், கம்பளிச் சட்டை மூன்றையும் வைத்து, காவேரிப் பாலம் தாண்டிப் போய் அவரே கொடுத்துவிட்டு வந்தார். ராவுத்தர் மாமாவிடம் பரஸ்தானத்தின் விவரமெல்லாம் சொல்லி, பை முன்னால்தான் போக வேண்டும், பின்னால் வரவே கூடாது என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னாராம். அவர் அதை அமானிதம் என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். ஒருவர் நம்பிக் கொடுத்ததைப் பத்திரமாகக் காத்துத் திருப்பிக் கொடுப்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது.

3

சுகந்தியின் பெட்டி காணாமல் போனதற்கு அன்றைக்கே ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பெட்டியின் நிறம், அளவு, உள்ளே என்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேள்விகள். உள்ளே வடாம் இருக்கிறது என்றாள். வடாம் என்றால் என்ன என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி வெயிலில் காய வைப்பது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவள் ரொம்ப அக்கறையாகப் 'பசை' என்று எழுதிக்கொண்டாள். நான் திருத்தப் போகவில்லை. வறுக்கிறவரைக்கும் அது பசைதானே.

என் பெண் மாலதியையும் கூட்டிப் போயிருந்தேன். ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் மாலி. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், சாப்பாடு வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். சுகந்தி அழுவதைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல ஏர்போர்ட் இருக்காம்மா?" என்று கேட்டாள். உங்க ஊர். என் ஊர் இல்லை, நம் ஊர் இல்லை. இருக்கிறது, நானே அங்கிருந்துதான் ஏறினேன் என்றேன். எப்போ திரும்பிப் போவே என்றாள். அடுத்த வருஷம் என்றேன். போன வருஷமும் அதைத்தான் சொன்னேன்.

பெட்டி திங்கட்கிழமை வந்துவிட்டது. வேனில் கொண்டுவந்தவன் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சுகந்தி போனில் அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

4

அந்த வெள்ளிக்கிழமை காலை இரண்டு வீட்டாரும் வாடகை வேனில் கிளம்பினோம். சுப்பிரமணியபுரத்தில் நிறுத்திப் பையை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ராவுத்தர் மாமா வீட்டு வாசலில் அவர் மனைவி மட்டும் நின்றிருந்தார். மாமா முன்னாலேயே விமான நிலையத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அங்கேயே கொண்டுவந்து தந்துவிடுவார் என்று நினைத்து நாங்களும் நிம்மதியாகப் போனோம்.

விமான நிலைய வாசலில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்றிருந்தார். முகம் கொள்ளாத சிரிப்பு. கையில் பை இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"சாமி, பை நேத்தே மெட்ராஸ் போய்ச் சேந்துடுச்சு" என்றார்.

மாமா விளக்கினார். பை முன்னால் போக வேண்டும் என்று சொன்னீர்கள். என் வீட்டு அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தால் அது எப்படி முன்னால் போனதாகும்? போன தடவை மாதிரி மழையோ புயலோ வந்து இன்றைக்கு விமானம் நின்றுபோனாலும், பை மெட்ராஸில் இருந்தால் பயணம் கெட்டதாகாது. ராத்திரி ரயிலேற்றிப் பெண்ணை அங்கே அனுப்பிவிடலாம். அதனால் வியாழக்கிழமை விமானத்தில் பார்சலாகப் போட்டுவிட்டேன். முப்பது வருஷம் பார்சல் ஆபீஸில் இருந்த மனுஷனுக்கு, முன்னால் அனுப்புவது என்றால் புக் பண்ணுவதுதான். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

பைக்குள் என்ன இருக்கிறது என்று அப்பா சொன்னார். ராவுத்தர் மாமாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல மெல்லக் காணாமல் போனது. அவர் பையைத் திறந்தே பார்க்கவில்லை. அமானிதத்தைத் திறந்து பார்ப்பார்களா?

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷர்தான். ஆனால் பாஸ்போர்ட்டும் மஞ்சள் புத்தகமும் பார்க்காமல் லண்டன் பயணத்துக்கு அனுமதி தர முடியாது என்றார். மெட்ராஸ்வரைக்கும் வேண்டுமானால் போகலாம், அங்கே பம்பாய் விமானத்துக்கு மாறுவதற்குள் பார்சலை வாங்கிக் காட்டினால் சரி, இல்லாவிட்டால் அங்கிருந்து திரும்ப வேண்டியதுதான் என்றார். திரும்ப வேண்டியது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ரசீதை வாங்கிப் பார்த்த கவுண்டர்காரர் உதட்டைப் பிதுக்கினார். ராவுத்தர் மாமா ரயில் வழக்கப்படி அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தானே என்று தன் பெயருக்கே போட்டிருந்தார். ரயில் பார்சலென்றால் ரசீதின் பின்னால் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிடலாம், நான் காட்டி வாங்கிக்கொள்வேன். விமானப் பார்சலில் அது செல்லாது, பெயருக்குரியவர் நேரில் வந்தால்தான் தருவார்கள் என்றார்.

"அப்ப நான் போறேன். இடம் இருக்குங்களா?" என்று கேட்டார் மாமா.

ஒரே ஒரு இடம் இருந்தது. கல்யாணமான பெண்ணை வேற்று மனுஷரோடு அனுப்புவதா என்று என் மாமியார் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. அப்பா துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் அம்மா இருபது வருஷமாக ராவுத்தர் மாமாவோடு நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. அவர் வந்தால் கதவோரத்திலிருந்து காபியை நகர்த்தி வைப்பாள். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, நீங்க கூடப் போங்கோ. உள்ளே போறச்சே அவ திரும்பிப் பார்க்காம போகணும். அதையும் நீங்களே பார்த்துக்கணும்" என்றாள்.

கையிலிருந்த தயிர்சாதத் தூக்கை என்னிடம் கொடுக்காமல் அவரிடம் கொடுத்தாள். மாமா அதை வாங்கிக்கொண்டு, சரிம்மா என்று மட்டும் சொன்னார். மாமியார் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது.

5

இரண்டு பேருக்குமே அதுதான் முதல் விமானப் பயணம். காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் கொடுத்தார்கள். பஞ்சை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மாமா முன் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு துஆ ஓதியபடியே வந்தார். மிட்டாயை வாயில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு தடவை திரும்பி, பார்சல் போன விமானமும் இதே மாதிரிதான் ஆடியிருக்குமா என்று என்னைக் கேட்டார். ஆடினாலும் பைக்கு ஒன்றும் தெரியாது மாமா என்றேன். அப்படிச் சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

மெட்ராஸில் இறங்கியதும் அவர் ஆளே மாறிவிட்டார். பார்சல் என்று எழுதியிருந்தால் போதும், அந்த உலகம் அவருக்குத் தெரியும். என்னை பம்பாய் கவுண்டருக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, சரக்குக் கொட்டகையைத் தேடிப் போனார். அது பிரதானக் கட்டடத்துக்கு வெளியே, சுற்றுச்சுவரை ஒட்டி ரொம்பத் தள்ளி இருந்தது.

உட்கார்ந்திருந்தேன். பம்பாய் போகிறவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி நிறுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வரிசை கரைந்துகொண்டே வந்தது. எதிரே இருந்த குமாஸ்தா இரண்டு தரம் என்னைப் பார்த்து, அம்மா நீங்க வரலையா என்று கேட்டார். வரேன், என் பை வரணும் என்றேன். மறுபடி திருச்சியில் இறங்குவது, வேனில் ஏறுவது, வீதி முழுக்க வாசலில் நிற்பது, லண்டனில் ஒருத்தர் ராஜினாமா எழுதுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது.

அப்போது ஒரு போர்ட்டர் வந்தார். ராவுத்தர் ஐயா உங்களை அங்கே வரச் சொல்கிறார் என்றார். பை கிடைத்ததா என்றேன். கிடைத்துவிட்டது, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார். வந்ததே எனக்குக் கோபம்! கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வராமல் இதென்ன அழைப்பு? குமாஸ்தாவிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கொட்டகை வாசலில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பச்சைப் பை மடியில். அதைத் தரையில் வைக்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நேரமாகிறது, ஏன் மாமா எடுத்துக்கொண்டு வரவில்லை என்று கத்தியே விட்டேன்.

"பை பின்னால வரக்கூடாதும்மா" என்றார். "முன்னால வந்து கிடக்கறதை உங்ககிட்ட நான் திருப்பித் தூக்கிட்டு வந்தா, அது பின்னால வந்ததாயிடும். நீங்க வந்து எடுத்துக்கிட்டீங்கன்னா அப்புறம் அது எங்க போனாலும் பயணம்தான்."

பரஸ்தானம் வைத்தது நாங்கள். பஞ்சாங்கம் எங்களுடையது. பாஸ்போர்ட் கைக்கு வந்தால் போதும் என்ற நிலையில் அந்த நிபந்தனையை நானே மறந்துவிட்டிருந்தேன். அவர் மறக்கவில்லை. இரண்டு கையாலும் நீட்டினார், நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கோபம் போன இடம் தெரியவில்லை. சேவிக்கலாம் என்று குனியப் போனேன். அவர் பதறிப்போய் விலகி, அல்லாவுக்கு மட்டும்தாம்மா அது, நீங்க நல்லபடியாப் போய்ச் சேந்தா போதும் என்றார். பிறகு இரண்டு பேரும் ஓடினோம். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

குமாஸ்தா பாஸ்போர்ட்டையும் மஞ்சள் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். விமானத்துக்குப் போகும் வழியில் இரும்புக் கம்பித் தடுப்பு. வழியனுப்ப வந்தவர்கள் அதுவரைக்கும்தான் வரலாம். மாமா தூக்கை என் கையில் கொடுத்தார். அம்மா சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டார். தலையாட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன். நடந்தேன்.

6

மாமா அன்றைக்கு ரயில் பிடித்து மறுநாள் காலை திருச்சி வந்தார். நேரே தன் வீட்டுக்குப் போகாமல், பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய் எங்கள் வாசலில் நின்றார். பை கிடைத்தது, பெண் ஏறிவிட்டாள் என்ற செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பப் போனவரை அம்மா விடவில்லை. கூடத்தில் இலை போட்டாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒரு பந்தி நடந்ததில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அம்மா கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

சாதம் பரிமாறிக்கொண்டே அம்மா கேட்டாளாம்.

"அண்ணா, திரும்பிப் பார்த்தாளா?"

"அவங்க திரும்பிப் பார்த்ததை நான் பார்க்கலம்மா" என்றாராம் மாமா.

இதை அப்பா எனக்கு எழுதியிருந்தார். அதைக் கேட்டு அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷமாம். இனி பயணம் கெடாது, பெண் நன்றாக இருப்பாள் என்று பெருமாள் பக்கம் திரும்பிக் கை கூப்பினாளாம். பிறகு உள்ளே போய், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாளாம்.

ராவுத்தர் மாமா பொய் சொல்கிறவர் இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். தடுப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பார்த்தேன், விமானத்துப் படியில் கால் வைத்த பிறகும் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்துக் கைக்குட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் அவர் ஒருத்தர் மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.